காலிப் பெட்டி

தம்பிக்கு அடைப்புக்குறி என்றாலே ஆகாது. அவனும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து உருவாக்குகிற, கணினியில் எழுதுவதற்கான எடிட்டரில், புது ஃபைலைச் சேமிக்கும்போது “என்ன பெயர்?” என்று ஒரு பெட்டி கேட்கும். பக்கத்திலேயே, அடைப்புக்குறிக்குள், கடைசியாகச் சேமித்த பெயர் நிற்கும். எதுவும் தட்டாமல் என்டர் அழுத்தினால் அந்தப் பெயரிலேயே சேமித்துவிடும். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று ஒருநாள் பெயரை எடுத்துவிட்டான். என்டர் செய்கிற வேலையை மட்டும் அப்படியே விட்டுவிட்டான். மகா புத்திசாலி! அந்த லட்சணத்திலேயே அக்காவின் கணினியிலும் ஏற்றிக் கொடுத்தான்.

அக்கா மொழிபெயர்ப்பாளர். எட்டு மாதமாக ஒரு தடிமனான பயண நூலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் பதிப்பாளருக்கு நாலு வரிக் கடிதம் தட்டினாள். பெட்டி காலியாக இருந்தது. பெயர் கட்டாயமில்லை போலிருக்கிறது என்று என்டரை அழுத்தினாள். கடைசியாகச் சேமித்திருந்த புத்தகம் இருந்த இடத்தில் அந்த நாலு வரி போய் உட்கார்ந்துகொண்டது. முதல் பாதி மட்டும் பதிப்பாளரிடம் இருந்தது. மறுபாதி போனது போனதுதான்.

“நான்தான்டா எதையோ மாத்தி அழுத்திட்டேன்” என்று போனில் அழுதாள்.

அந்த நொடியே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. “அழாதக்கா” என்றான். காரணத்தை மட்டும் சொல்லாமல் போனை வைத்தான்.

உடனே உட்கார்ந்து திருத்தினான். இப்போது பழைய பெயர் பெட்டிக்குள்ளேயே எழுதியிருந்தது. வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் அழிக்கலாம், கண்ணில் படாமல் போகாது. அக்காவின் கணினிக்கும் அது தானாகப் போய்ச் சேர்ந்தது. நல்ல மாற்றம் என்று கூட்டாளிகள் பாராட்டினார்கள். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றான்.

மூன்று வாரம் கழித்துத்தான் அக்கா வீட்டுக்குப் போகத் துணிவு வந்தது.

“வாங்க மாப்ள! உங்க அக்காவுக்குக் கண்ணாடி மாத்தியாச்சு. இனிமேலாவது என்னைச் சரியா பாக்கிறாளான்னு பாப்போம்” என்றார் அத்தான்.

அக்கா சிரிக்கவில்லை. திரையைக் காட்டினாள். “பேரு எவ்வளவு தெளிவா இருக்கு பாரு. அன்னைக்கும் இருந்திருக்கும்ல? இதையே கவனிக்கலைன்னா நான் எதுக்குடா லாயக்கு?”

திரையில் அந்தப் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு கடிதம் திறந்திருந்தது. இனி தன்னால் முடியாது, மிச்சத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று பதிப்பாளருக்கு எழுதியிருந்தாள். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அவன் செய்த திருத்தமே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

“அன்னைக்கு அது அங்க இல்லக்கா. நான்தான் எடுத்திருந்தேன். நீ போன் பண்ணின பிறகுதான் திரும்ப வச்சேன்.”



அக்கா திரையை விட்டு அவன் பக்கம் திரும்பினாள். “திரும்ப வைக்க எவ்வளவு நேரம் ஆச்சு?”

“பத்து நிமிஷம்.”

“இதைச் சொல்ல?”

“மூணு வாரம்.”

“மூணு வாரமா எனக்குப் புத்தி தடுமாறுதுன்னு பயந்து செத்துட்டிருந்தேன்டா” என்றாள்.