அடுப்பு இல்லாத இரண்டு நாள்

ஐவி டீச்சர் எதையும் அவசரப்பட்டு முடிவு செய்கிற ஆள் இல்லை. ஒரு சாரி எடுக்கவே ஹட்டனில் நாலு கடை ஏறி இறங்கி, கடைக்காரர்கள் பொறுமையையெல்லாம் சோதித்துவிட்டு, கடைசியில் முதல் கடைக்கே திரும்பிப் போய் எடுப்பவள். அப்பேர்ப்பட்டவள், ஏப்ரல் லீவுக்குப் பிள்ளைகளை நீர்கொழும்புப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போவது என்று பேச்சு வந்ததுமே, தங்குவது எங்கே என்பதை மட்டும் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிவு பண்ணிவிட்டாள். பார்க்குக்குள்ளேயே இருக்கும் ஹோட்டலில்தான்.

அவள் முடிவு பண்ணியாயிற்று. வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

அமிர்தநாதன் றொசல்லவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் கண்டாக்கு; ஆட்களை வேலை வாங்கும் உத்தியோகம். விடியற்காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் எடுக்கும் பெரட்டில் அவர்களுக்கு மலை பிரித்துக் கொடுக்கும்போது அவர் போடுகிற சத்தம், கீழே ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்பவர்களையும் வேலைக்கு அனுப்பிவிடும் என்று தோட்டத்தில் கேலி பேசுவார்கள். ஆனால் வத்தளையில் இருக்கும் தங்கச்சி கேத்ரின் போனில் வந்தால் போதும், அந்தக் குரல் எங்கே போய் ஒளியுமோ தெரியாது. மனுசன் பூனைக்குட்டி மாதிரிப் பேசுவார்.

“கூடப்பொறந்தவ வீடு வத்தளையில இருக்கையில ஹோட்டல்ல போய்ப் படுக்கிறதா? நல்லா இருக்கே கதை” என்றார் அவர்.

ஐவி வகுப்பில் பாடம் எடுக்கும் தோரணையில் ஆரம்பித்தாள். “ஹோட்டல்ல தங்குறவங்களுக்கு மத்தவங்களுக்கு முந்தியே பார்க் கேட்டத் தொறந்து விடுவாங்களாம். கூட்டம் வந்து சேர்றதுக்குள்ள நம்ம பிள்ளைங்க சறுக்குல ஆசை தீர ஏறி எறங்கிரும். நனைஞ்சா ரூமுக்குப் போய் உடுப்பு மாத்திட்டு வரலாம். வத்தளைன்னா ஈரத் தலையோட வேன்ல ஏத்திக்கிட்டுப் போகணும். சின்னவளுக்கு அப்பவே தடிமல் புடிக்கும். யார் பாக்கிறது?”

“வெளிய சின்ன ரூம் எடுத்தா பாதிச் செலவுதானே?”

“வெளிய ரூம் எடுத்தாலும் உங்க தங்கச்சி வீட்டுல தங்கலன்னுதானே ஆகும்? கெடைக்கிற ஏச்சு ஒன்னுதான். அத வசதியான எடத்துல இருந்துக்கிட்டே வாங்குவோம்.”

மூத்தவள் சுலக்ஷனா போனை நோண்டிக்கொண்டே தன் பங்குக்குப் புகுந்தாள். பார்க்குக்குள் ஹோட்டல் இரண்டு இருக்கிறதாம். முன்னால் இருப்பது அலையடிக்கும் குளத்தைப் பார்த்த மாதிரி. பின்னால் இருப்பதில் ஜெனரேட்டர் இரைச்சல் என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். ஒரு நாள் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஹோட்டல் வீண் செலவு, இரண்டு நாள் நிற்பவர்களுக்குத்தான் பிரயோசனம். “ஆனா காலைச் சாப்பாடு ரெண்டுலயும் ஃப்ரீப்பா” என்று முடித்தாள்.

ஐவிக்கு அந்தக் கடைசி வார்த்தை தேனாக இனித்தது. பார்க் கேட்டு, ஈரத்தலை, தடிமல் எல்லாம் சும்மா. உண்மையான காரணம் அந்தக் காலைச் சாப்பாடுதான். தான் கை வைக்காமல், யாரோ ஆக்கி, யாரோ எடுத்து வைத்து, யாரோ கழுவி வைக்கிற சாப்பாடு.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளுக்கு லீவுப் பயணம் என்றால் வத்தளைதான். போய் இறங்கியதும் கேத்ரின் வாசலுக்கு ஓடி வந்து கட்டிப்பிடிப்பாள். “அண்ணி, நீங்க ஒன்னும் செய்யாதீங்க, ஒக்காருங்க” என்பாள். அப்படிச் சொன்னதற்காக உட்கார்ந்துவிட முடியுமா? நாத்தனார் ஒற்றை ஆளாக வீடு நிறைந்த சனத்துக்கு இடியப்பம் பிழியும்போது அண்ணிக்காரி சோபாவில் சாய்ந்து டீவி பார்த்தால் நன்றாகவா இருக்கும்? ஐவி சீலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு உள்ளே போவாள். பிறகு புறப்படுகிற அன்றைக்குத்தான் வெளியே வருவாள். ஆம்பிளைகள் முதலில் சாப்பிட்டு, பிள்ளைகள் பிறகு சாப்பிட்டு, மிஞ்சியதை இவர்கள் இருவரும் அடுப்படியில் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வார்கள். கடலுக்குப் பக்கத்தில் அத்தனை தடவை போயிருக்கிறாள், மீன் கழுவியதுதான் மிச்சம்.

அதற்காகக் கேத்ரினைப் பிடிக்காது என்றில்லை. உயிர். சின்னவள் வயிற்றில் இருந்தபோது ஐவிக்கு முடியாமல் போய் வத்தளைக்குப் பக்கத்து ராகமை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்போது தினமும் கஞ்சி கொண்டுவந்து பக்கத்தில் இருந்தவள் கேத்ரின்தான். அவளுடைய மனசு நொந்துவிடக் கூடாது. ஆனால் இந்த ஒரே ஒரு லீவு தனக்கு வேண்டும். இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பிடிப்பது என்று ஐவி ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

கடைசியில், படித்த மனுசர்கள் எல்லாரும் செய்வதைத்தான் செய்தார்கள். பொய் சொன்னார்கள்.

போனை அமிர்தநாதன் கையில் திணித்து, பக்கத்திலேயே காவல் நின்றாள் ஐவி. “தங்கச்சி, இந்தத் தடவ வரக் கெடைக்காதும்மா. கொழுந்து கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. லீவு தர மாட்டேங்கிறாங்க” என்றார் அவர், எச்சில் விழுங்கி. ஏப்ரலில் கொழுந்து கொட்டுவது உண்மைதான். லீவு கிடைத்திருந்ததும் உண்மைதான்.

“பரவாயில்லண்ணே, பரவாயில்ல! நீங்க வேலையப் பாருங்க!” என்று கேத்ரின் படபடவென்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். வழக்கமாக ஒரு மணி நேரம் பேசுகிறவள்.

“கோவிச்சுக்கிட்டா” என்றார் அமிர்தநாதன். ஐவிக்கும் அப்படித்தான் பட்டது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனாலும் குறித்த நாளில் கிளம்பினார்கள். நண்பர் ஒருவரின் வேனை அமிர்தநாதனே ஓட்டினார். கித்துல்கலை தாண்டும்போதே பிள்ளைகள் ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்தார்கள். ஹோட்டல் வாசலில் இறங்கி, வேனின் பின்கதவைத் திறந்த ஐவி அப்படியே நின்றுவிட்டாள். பெட்டிகளுக்கு அடியில் ஒரு சாக்கு. தோட்டத்துப் பெயர் சிவப்பில் அச்சடித்த சாக்கு. அதன் வாய் வழியாக லீக்ஸ் தலை நீட்டிக்கொண்டிருந்தது.

“இது என்னங்க?”

“லீக்ஸ், கரட், கொஞ்சம் நோக்கோல். நம்ம தோட்டத்துல போட்டதுதான். அடியில தேயிலை ரெண்டு கிலோ.”

“ஹோட்டலுக்கு எதுக்குங்க லீக்ஸ்?”

“மலையில இருந்து கீழ எறங்குறப்ப வெறுங்கையோட வர்றதா? போகையில அவ வாசல்ல எறக்கிட்டு, லொறியில வந்துச்சுன்னு சொல்லிக்கலாம்.”

ஐவி தலையில் அடித்துக்கொண்டாள். பொய் சொல்லத் துணிந்த மனுசனுக்குக் கைவீசி வரத் துணிவில்லை. சரி, வேனிலேயே கிடக்கட்டும் என்றாள். அதற்கும் அவர் ஒப்பவில்லை. இந்த வெயிலில் பூட்டின வேனுக்குள் கிடந்தால் சாயந்தரத்துக்குள் எல்லாம் அவிந்துபோகுமாம். ஆகவே கண்ணாடிக் கதவும் பளிங்குத் தரையுமான அந்த ஹோட்டலுக்குள், ஏசி குளிரில், சாமான் வைக்கும் மூலையில், சக்கரம் வைத்த பெட்டிகளுக்கு நடுவே லீக்ஸ் மூட்டையும் உட்கார்ந்துகொண்டது. கவுண்டரில் இருந்த பையன் சிங்களத்தில் “நுவரெலியாவா, அங்கிள்?” என்று கேட்டுச் சிரித்தான்.

அன்றைய பொழுது ஐவிக்குச் சொர்க்கம். அலை அடிக்கும் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். சறுக்கில் சுலக்ஷனாவோடு கத்திக்கொண்டே இறங்கினாள். இருட்டுவதற்கு முன்பே பிள்ளைகள் களைத்துத் தூங்கிவிட, ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் மடியில் கிடந்தன. அவற்றை வைத்து என்ன செய்வதென்றே அவளுக்குத் தெரியவில்லை. ஓரொரு சமயம் கேத்ரின் நினைவு வந்து முள்ளாகக் குத்தியது. குத்தட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை. ஐவி தலை சீவிக்கொண்டிருக்கையில் அறைப் போன் அடித்தது. அமிர்தநாதன் எடுத்தார். எடுத்தவருக்கு முகம் வெளிறிவிட்டது.

“அண்ணே” என்றது அந்தப் பக்கம். பக்கத்தில் நின்ற ஐவிக்கே தெளிவாகக் கேட்டது. “லீக்ஸ் வாடுதுண்ணே. கீழ வர்றீங்களா?”

ஐவி கையில் இருந்த சீப்போடேயே படியில் இறங்கினாள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ, சண்டை போடவே வத்தளையிலிருந்து கிளம்பி வந்துவிட்டாளே! அத்தனை பேர் முன்னால் அழுதால் என்ன செய்வது? இனி அந்த வீட்டு வாசலை எந்த முகத்தோடு மிதிப்பது? ஒரு காலைச் சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டு, கஞ்சி கொண்டுவந்த கையை இழந்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

கேத்ரின் சாக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தலை ஈரமாக இருந்தது. தோளில் ஹோட்டல் துவாய். கையில் அறைச்சாவி. இரண்டு எட்டுத் தள்ளி அவள் புருசன் ரொஷான், பார்க்கில் விற்கிற பூப்போட்ட அரைக் காற்சட்டையோடு, சுவரைப் பார்த்து நின்றார்.

ஐவி சாவியைப் பார்த்தாள். துவாயைப் பார்த்தாள். பயம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, அந்த இடத்தில் சந்தேகம் ஏறியது.

“நீ எப்படி இங்க?”

“நேத்துச் சாயந்தரம் வந்தோம், அண்ணி. பின்பக்கத்து ஹோட்டல்ல. ஒரே ஜெனரேட்டர் சத்தம்” என்றாள் கேத்ரின். “ரெண்டு ஹோட்டலுக்கும் காலைச் சாப்பாடு இங்கதான்னாங்க, வந்தோம். வந்தா இந்தச் சாக்கு. வருசா வருசம் என் வீட்டு வாசல்ல எறங்குற சாக்கு எனக்குத் தெரியாதா?”

“வேலை இருக்குன்னு...” என்று அமிர்தநாதன் ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

ஐவி ஒரு மூச்சு இழுத்துவிட்டாள். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. “எனக்கு ஒரு லீவாவது சமைக்காம இருக்கணும்னு இருந்துச்சு, கேத்ரின். ஒன் வீட்டுக்கு வந்தா அது நடக்காது. அதான் பொய் சொன்னோம்.”

கேத்ரின் கண் கலங்கியது. ஆனால் உதடு சிரிக்கப் பார்த்தது. “நீங்க வரலன்னதும் எனக்கு மொதல்ல சந்தோசம்தான் அண்ணி வந்துச்சு. அப்புறந்தான் வெக்கமாப் போச்சு. லீவுன்னா நீங்க வருவீங்க, சின்னம்மா வீட்டாளுங்க வருவாங்க, நாங்க ஒரு எடமும் போனதில்ல. இந்த வருசம் யாருமில்ல. பார்க் தொறந்த புதுசுல நீங்கதானே குடும்ப குரூப்புல இந்த ஹோட்டல் படத்தப் போட்டீங்க? அதக் காட்டி இவரக் கெஞ்சிக் கூட்டியாந்தேன்.”

“நான் வந்தா உனக்கு அவ்வளவு கஷ்டமா?”

“கஷ்டம் நீங்க வர்றதில்ல. ஒக்காருங்கன்னா ஒக்கார மாட்டீங்க. நீங்க நிக்கையில நான் எப்படி ஒக்கார்றது?”

“நீ நிக்கையில நான் எப்படிடி ஒக்கார்றது?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. சிரிக்கத் தொடங்கியதும் நிறுத்த முடியாமல், கேத்ரின் அந்த லீக்ஸ் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கவுண்டர்ப் பையன் எட்டிப் பார்த்தான். ஐவி கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் கையைப் பிடித்து எழுப்பினாள்.

சாப்பாட்டு மண்டபத்தில் அப்பம் சுடும் சட்டியிலிருந்து ஆவி பறந்தது. பிள்ளைகள் எல்லாரும் ஒரு மேசையை வளைத்துக்கொண்டார்கள். ஆம்பிளைகள் இருவரும் வெறும் தட்டோடு நடுவில் நின்று, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

“ஐவி, தேத்தண்ணி எங்க இருக்குன்னு பாரேன்” என்றார் அமிர்தநாதன்.

கேத்ரின் பழக்க தோசத்தில் பாதி எழுந்துவிட்டாள். ஐவிக்கும் கால் தானாகவே எழப் பார்த்தது. அடக்கிக்கொண்டு, கேத்ரின் தோளில் கை வைத்து அழுத்தி உட்கார வைத்தாள்.

“நீங்களே தேடிப் பாருங்க” என்றாள் புருசனிடம். “எங்களுக்கும் ரெண்டு கொண்டாங்க.”

அப்பம் வந்தது. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் முட்டை ததும்பிக்கொண்டு. கேத்ரின் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, சூடு தாங்காமல் உஸ் உஸ்ஸென்றாள். ஐவிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருசத்தில் இந்தப் பிள்ளையோடு எதிரெதிரே உட்கார்ந்து, இருவருமாகச் சூடாக ஒரு வேளை சாப்பிட்டது இன்றைக்குத்தான்.