பதினொரு தந்தத் தகடுகள்

...துருதான், வேறென்ன, இருபத்தெட்டு வருஷம் பூட்டி வைத்தால் கம்பியெல்லாம் பூத்துக் குலுங்குமா, கோயிலின் நூறு வருஷப் பியானோவாம், கிறிஸ்துமஸுக்குள் வாசிக்க வேண்டுமாம், வெட்கமில்லாமல் அவர்களும் சென்னைக்கு ஆள் அனுப்பினார்கள், வெட்கமில்லாமல் நானும் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்... இந்தத் திண்டுக்கல் வெயிலுக்குப் பலகை வெடிக்காததே பெரிது. கட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, எண் போட்டு, பாயில் அடுக்குகிறேன், வெள்ளைக் கட்டைகளில் பதினொன்று மொட்டையாக இருக்கிறது, மேலே ஒட்டியிருந்த தந்தத் தகடு இல்லை, இந்தப் பதினொன்றுதான் எங்கள் குடும்பத்தையே விழுங்கியது. அப்பா அப்போது இங்கே கோயில்பிள்ளை, மணி அடிப்பார், கூட்டுவார், சாவி அவர் இடுப்பில்தான், தகட்டைக் காணோம் என்றதும் வேறு யாரைக் கேட்பார்கள்... சபைச் செயலாளர் பவுல்ராஜ் ஐயா வேதப்புத்தகத்தை நீட்டி, "இதுல கைய வச்சு எடுக்கலன்னு சத்தியம் பண்ணும், விட்டுர்றோம்" என்றார், அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சத்தியமே பண்ணக்கூடாதுன்னு அதுக்குள்ளதானய்யா போட்டிருக்கு, எடுக்கல, அம்புட்டுத்தான்" என்றார். எந்தத் திருடன் இப்படிப் பேசுவான்? சபையில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சிரித்தார்கள். பியானோவைப் பூட்டினார்கள், அப்பாவை அனுப்பினார்கள். அப்புறம் அவர் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் வேனுக்கு மல்லிகை மூட்டை தூக்கினார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, போக இடமில்லாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்.

கடைசிக் கட்டையையும் உருவியாயிற்று, அடியில் என்ன அது, கிழிந்த கம்பளித் துணி, பாட்டுப் புத்தகத் தாள், எலிக்கூடு... அதற்குள் மஞ்சள் மஞ்சளாக, தகடுகள். ஓரமெல்லாம் பல் பட்டிருக்கிறது. மாட்டுத் தோலைக் காய்ச்சின வச்சிரப் பசையால் ஒட்டியது, எலிக்கு அது கருவாட்டுத் துண்டு, இதைச் சென்னையில் எத்தனை வீட்டில் நானே சொல்லியிருப்பேன், "வேலைக்காரங்களத் திட்டாதீங்க, எலி இழுத்திருக்கும், அடியில பாருங்க" என்று, இந்த ஒரு பியானோவுக்கு மட்டும் அது ஏன் எனக்குத் தோன்றவே இல்லை? தோன்றவில்லையா, தோன்ற விடவில்லையா...

பவுல்ராஜ் ஐயா தடியை ஊன்றி வருகிறார், பின்னால் ஒருவர் டீ கொண்டு வருகிறார், எண்பது வயதுக் கண்ணுக்கும் தகடு தெரிகிறது. "அட, எலிதானா! உங்கப்பாவும் ஒரு சத்தியத்தப் பண்ணித் தொலைச்சிருக்கலாம்லப்பு, வீம்பு பிடிச்ச மனுசன்" என்கிறார், அந்த டீயை அவர் முகத்தில் ஊற்றினால் என்ன, ஊற்ற எனக்கென்ன யோக்கியதை, ப்ளஸ் டூ படிக்கும்போது சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லித் தொலைங்கப்பா, பள்ளிக்கூடத்துல தல காட்ட முடியல" என்று சொன்னது இவரா, நானா? அப்பா பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார், அவ்வளவுதான், அதன்பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. சபை கைவிட்டதைத் தாங்கிக்கொண்டவர், இதைத் தாங்கியிருக்க மாட்டார். போன வருஷம் போய்ச் சேர்ந்தார், அடக்கம் முடிந்த அன்றே நான் பஸ் ஏறிவிட்டேன்.

ஐயா போய்விட்டார். தகடுகளைத் துடைத்து மொட்டைக் கட்டைகள் மேல் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கிறேன், சரியாக உட்காருகிறது, திருடவில்லையப்பா நீங்கள், திருடவேயில்லை, ஏழு, எட்டு, ஒன்பது... கூட்டைப் பிரித்து உதறுகிறேன், டார்ச் அடித்து மூலைமூலையாகத் துழாவுகிறேன், ஒன்பதுதான். அப்படியென்றால் மிச்சம் இரண்டை மட்டும் அப்பா... சீ, என்ன மனசு இது.