சாசரில் ஊற்றிய டீ

"அப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இன்னிக்கு ஒரு நாளாவது டீயை சாசர்ல ஊத்தி உறிஞ்சாதீங்க."

காலையிலிருந்து கெசியா இதையேதான் ஓதிக்கொண்டிருந்தாள். குதிரைச் சேணம் தைத்தே தலை நரைத்த ஜோசயா, "சரி கண்ணு, சரி" என்றார். வார்டில் என்ற மில் முதலாளியின் மகன் ஆல்ஃபிரட் தன் அம்மாவோடு பெண் பார்க்க வருகிறானே, லேசுப்பட்ட விஷயமா? பிராட்ஃபோர்ட் ஊரில் பாதிப் பேர் அந்த மில்லில்தான் பிழைத்தார்கள்.

அப்பாவின் பட்டறையில் வேலை செய்யும் ரூபென், ஈஸ்டர் பண்டிகையின்போதே அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தான். 'யோசிச்சுச் சொல்றேன்' என்றவள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள். ரூபெனைப் பார்த்தால் மனசு குளிரும். ஆல்ஃபிரட்டின் வண்டியைப் பார்த்தால் தலை கிறுகிறுக்கும். கடைசியில் தலைதான் ஜெயித்தது.

விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தார்கள். நாற்காலி தூக்கி வந்த ரூபெனை ஜோசயா வெள்ளந்தியாக, "நீயும் ஒரு வாய் குடிச்சிட்டுப் போடா" என்று உட்கார வைத்துவிட்டார்.

தோலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஜோசயாவுக்கு உலகமே மறந்துவிடும். பேச்சுவாக்கில் டீயைச் சாசரில் ஊற்றி, ஊதி, சர்ரென்று உறிஞ்சினார். வார்டில் அம்மாளின் புருவம் ஏறியது. ஆல்ஃபிரட் கெசியாவைப் பார்த்தான்.

பாவி மகள், என்ன செய்தாள் தெரியுமா? சிரித்தாள்! அந்த அம்மாளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "எங்கப்பா இன்னும் பட்டறையிலதான் இருக்காரு" என்றாள்.

தாயும் மகனும் கூடவே சிரித்தார்கள். ஜோசயா காது சிவக்கச் சாசரைக் கீழே வைத்தார். ரூபென் சிரிக்கவில்லை. தன் கோப்பையை அப்படியே சாசரில் கவிழ்த்து, அவரை விடச் சத்தமாக உறிஞ்சிக் குடித்தான். "டீ நல்லாருக்கு முதலாளி" என்று எழுந்து போய்விட்டான்.

வண்டியில் ஏறும்போது வார்டில் அம்மாள் கெசியாவின் கன்னத்தைத் தட்டினாள். "கெட்டிக்காரி! எங்க வீட்டுல சீக்கிரம் பழகிடுவே. கல்யாண விருந்தை நாங்களே பார்த்துக்கறோம். உங்கப்பாவுக்கு எதுக்கு வீண் சிரமம்? சர்ச்சுக்கு வந்துட்டுப் போனாப் போதும்."

கெசியாவுக்குப் புரிந்தது. புரிந்தும் "சரிங்க மேடம்" என்றாள். அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததுமே அவளுக்குத் தன்னை நினைத்தே கூசியது.

உள்ளே வந்தால், அடுப்படியில் அப்பா கொதிக்கக் கொதிக்கக் கோப்பையோடு குடித்துக்கொண்டிருந்தார். சூட்டில் அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது. கெசியா ஓடிப்போய்ச் சாசரை எடுத்து நீட்டினாள்.

"இதுல ஊத்திக் குடிங்கப்பா. இங்க யாரு இருக்கா?"

அவர் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டார். கோபம் துளிகூட இல்லை.

"வேணாம் கண்ணு, இப்பவே பழகிக்கறேன். கல்யாண விருந்துல மறந்து தொலைச்சேன்னா உனக்கில்ல கேவலம்?"

நாக்கைச் சுட்டுக்கொண்டு அடுத்த வாய் குடித்தார். சாசர் அவள் கையிலேயே இருந்தது.