இருபத்துநான்காவது மையம்

ஐப்பசி இடி ஒன்று பால் சங்கத்துக் கம்ப்யூட்டரைக் கருக்கிவிட்டுப் போயிருந்தது. மறுநாள் மதியம் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து புதுப் பெட்டி வந்து இறங்கியது. சாயங்காலப் பால் ஐந்து மணிக்கு. அதற்குள் இருபத்துமூன்று கொள்முதல் மையங்களையும் இந்தப் பெட்டிக்குள் கொண்டுவந்தாக வேண்டும்.

ஒவ்வொரு மையத்திலும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. யார் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்பது அங்குள்ள டேட்டாபேஸில் ஏறும். சங்கத்து மென்பொருள் ஒவ்வொரு மையமாகப் போய் அதைப் படித்து வரும். எந்த மையம் எந்த முகவரியில் இருக்கிறது, எந்தக் கடவுச்சொல்லுக்குத் திறக்கும் என்ற இணைப்புப் பட்டியல் பழைய பெட்டியோடு போய்விட்டது. பிரதீபா பழைய நோட்டைப் பார்த்து அதைக் கையால் போடத் தொடங்கினாள். பெயர், முகவரி, பயனர், கடவுச்சொல். வண்ணாமடை, எருத்தேன்பதி, வேலந்தாவளம் என்று மூன்று முடியவே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. நான்காவதில் ஓர் எண் தப்பி, முதலிலிருந்து.

செயலாளர் சென்னியப்பன் பின்னால் வந்து நின்றார். "ஏனம்மிணி, இப்பிடி ஒன்னொன்னா நட்டுட்டிருந்தா நாத்து முத்திப் போயிருமே."

"நடவு மிசினு இருந்தாக் குடுங்க சார்."

"சந்துரு ஒரு நொடியில பண்ணீருவான். அதுக்குன்னு என்னமோ எழுதி வெச்சிருந்தானே…" பாதியில் நிறுத்தி, "டீ சொல்றன்" என்று வெளியே போய்விட்டார்.

சந்துரு அவள் புருஷன். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி பதினான்கு மாதத்துக்கு முன்புவரை அவனுடையது. மையம் ஒன்றில் ஒயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவன் நெஞ்சு வலிக்கிறது என்றான். ஆம்புலன்ஸ் பாலக்காட்டை எட்டுமுன் எல்லாம் முடிந்திருந்தது. அவளுக்கென்று ஒரு வார்த்தையும் இல்லை.

வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் பூட்டிய டேட்டாபேஸ் ஒன்று இருந்தது. தினமும் வேலையிலிருந்து வந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல், அதன் முன்னால் ஐந்து நிமிடம் உட்காருவான். என்ன எழுதினான் என்று அவள் கேட்டதில்லை. அவன் போனபிறகு கல்யாண நாளைப் போட்டுப் பார்த்தாள். தன் பெயரை, அவன் கூப்பிடும் செல்லப் பெயரை, பிறக்காமல் போன பிள்ளைக்கு இருவரும் வைத்திருந்த பெயரை. எதற்கும் அது திறக்கவில்லை. அதற்குள் தனக்கு ஏதோ இருக்கிறது என்று மட்டும் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அவள் பையிலிருந்த வீட்டுச் சாவிக்கொத்தில் அவனுடைய பென்டிரைவ் தொங்கியது. செயலாளர் சொன்ன நிரல் அதில் இருந்தது, இரண்டே பக்கம். கூடவே இருந்த, மையங்களின் விவரம் வரிசையாக எழுதிய கோப்பு ஒன்றை வரி வரியாகப் படித்து, வரிக்கு ஓர் இணைப்பை உருவாக்கி மென்பொருளின் பட்டியலில் சேர்க்கிறது. புதுப் பெட்டிக்கு ஏற்றபடி இடத்தை மட்டும் மாற்றி ஓடவிட்டாள். டீ வந்து சேர்வதற்குள் மையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாகின.

எண்ணிப் பார்த்தாள். இருபத்துநான்கு. கடைசி மட்டும் சிவப்பு. பெயர்: ஊடு.

"அதென்ன, கடைசீல ஒன்னு பதில் சொல்லாம நிக்குது?" என்றார் சென்னியப்பன்.

"எங்கூட்டுக் கம்ப்யூட்டருங்க சார், இப்ப அமத்திக் கெடக்குது. அங்கிருந்தே வேலை பாக்கலாம்னு மாடியில ஆன்டெனா வெச்சிருந்தாருங்க."

"அதுக்குன்னு ஒவ்வொரு சுத்துக்கும் முப்பது செகண்டு காத்துக் கெடக்குதே. கணக்கு லேட்டானா பால் லாரிக்காரன் என்னைய வைவான். அழிச்சுரு அம்மிணி."

"நாளைக்கு அழிச்சர்றனுங்க."

கோப்பில் அந்தப் பெயர் இல்லை. நிரலின் அடியில் தனியாக நான்கு வரி எழுதி அதைச் சேர்த்திருந்தான். கடவுச்சொல்லும் அங்கேயே வெளிப்படையாகக் கிடந்தது. 'மையம்' என்ற சொல்லும் இருபத்துநான்கு என்ற எண்ணும். மற்ற மையங்களுக்கும் இதே மாதிரிதான்; மையம் ஒன்று, மையம் இரண்டு என்று மதியம் முழுக்க அவள் விரல்கள் அடித்த சொல்தான். பாலே ஊற்றாத வீட்டையும் அவன் ஒரு மையமாக எண்ணியிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியதில்லை.

ஆறரை மணிக்கு வீட்டைத் திறந்ததும் செருப்போடு போய் உட்கார்ந்தாள். அடித்தாள். திறந்தது.

ஒரே ஓர் அட்டவணை. நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். பெயர்: டெஸ்ட். லிட்டர்: ஒன்று. அடுத்த வரியிலும் டெஸ்ட், ஒன்று. அதற்கடுத்ததிலும் அதுவே. இணைப்பு வேலை செய்கிறதா என்று தினமும் ஒரு பொய்ப் பாலை ஊற்றிப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். கடைசி வரிவரை இறங்கினாள். அதுவும் டெஸ்ட்.

மூடப் போனாள். அப்போதுதான் ஓரத்தில் இருந்த தேதியும் நேரமும் கண்ணில் பட்டன. ஆறு ஐம்பத்திரண்டு. ஏழு ஐந்து. ஆறு நாற்பத்தொன்பது. அவன் வீட்டுக்குள் நுழைந்த நேரங்கள். ஆற்றில் வெள்ளம் வந்த அன்று எட்டேகால். மேலே நகர்த்திக்கொண்டே போனவள், சித்திரையில் ஓரிடத்தில் நின்றாள். பதினொன்று நாற்பது. மறுநாள் பதினொன்று இருபது. ஆறு நாட்கள் அப்படியே. அந்த ஆறு நாளும் அவள் சண்டை போட்டுக்கொண்டு பொள்ளாச்சியில் அம்மா வீட்டில் இருந்தாள். தினமும் போனில் கேட்டாள். "ஏழு மணிக்கே வந்துட்டன், தயிர்ச்சோறு உண்டாச்சு" என்றுதான் சொன்னான்.

அவ்வளவு நேரம் எங்கே இருந்திருப்பான் என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சங்கத்தில் வேலை முடிந்தும் விளக்கை அணைக்காமல், அந்த நாற்காலியில்தான். அவளும் இந்தப் பதினான்கு மாதமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

காலையில் சென்னியப்பன் பட்டியலைப் பார்த்தார். இருபத்துநான்கும் பச்சை.

"அழிக்கலியா?"

"இல்லீங்க சார். ஊட்டுப் பெட்டிய அமத்தாம வந்துட்டனுங்க. இனிக் காத்திருக்க வேண்டீதில்லீங்க, உடனே பதில் சொல்லும்."

"ஊட்டுல ஆரிருக்கறா இப்ப?"

"ஆருமில்லீங்க," என்றாள் பிரதீபா.