ஆள் உட்காராமல் முறுக்கிய செயின்

"முடிஞ்சுதாடி? எல்லாரும் என்னையே பாக்குறாங்க" என்றாள் அக்கா. ஹெல்மெட், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு ஏடிவி மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அந்த நாலு சக்கர பைக்கின் பின்சக்கரத்தை ஒட்டிக் களிமண்ணில் படுத்திருந்தேன் நான். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அது என்னை இங்கே மெக்கானிக்காகப் படுக்க வைத்திருக்கிறது.

காசு கொடுத்து மேடு பள்ளத்தில் வண்டி ஓட்ட வருகிறவர்களைக் கூட்டிப்போகிற இடம் இது. இத்தனை நாளும் வரிசையில் கடைசி வண்டிதான் அக்காவுக்கு. விழுந்தவர்களைத் தூக்கிவிடுகிற வேலை. இன்றைக்குத்தான் முதல்முறையாக முன்னால் போகச் சொல்லியிருந்தார் முதலாளி. சொதப்பாமல் போய் வந்தால் இனி முன்வண்டி அவளுக்கே.

செயினை மூடியிருந்த கார்டைக் கழற்றினேன். முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் பளபளா. வருகிறவர்கள் போட்டோ எடுப்பார்களாம், அதனால் எல்லா வண்டிக்கும் முழுசாக மூடிய சிவப்பு பிளாஸ்டிக் கார்டு. உள்ளே போன மண்ணுக்கு வெளியே வர வழியில்லை. இடைவெளி விட்ட அலுமினிய கார்டு வாங்குங்கள், சேறு தானாக உதிர்ந்துவிடும் என்று காட்டுக்கத்தல் கத்திப் பார்த்துவிட்டேன். வண்டியைக் கழுவத் தெரிந்த மனிதருக்குச் செயினுக்கு எண்ணெய் விடத் தெரியாது. அப்பியிருந்த சேற்றைச் சுரண்டிவிட்டுச் செயினை விரலால் அழுத்தினேன். அசையவில்லை.

"கொஞ்சம் இறங்கு."

அக்கா இறங்கியதும் செயின் லேசாகத் தொய்ந்தது.

"ஏறு."

மறுபடி கம்பி மாதிரி விறைத்தது.

"என்னடி, தோப்புக்கரணம் போட வைக்கிறியா?"

"யாரு இதை டைட் பண்ணது?"

"நான்தான்" என்றபடி வந்தார் பளபளா. "கடகடன்னு சத்தம் வருதுன்னு ஒருத்தர் குறை சொன்னார். காலைல அஞ்சு வண்டியையும் ஸ்டாண்டுல ஏத்தி முறுக்கிட்டேன்."

"ஸ்டாண்டுல சக்கரம் தொங்கும் சார். ஆள் உக்காந்தா பின்பக்கம் அமுங்கும், செயின் இன்னும் இழுபடும். ஆளை உக்கார வச்சுத்தான் தொய்வு பாக்கணும். இப்படியே மேட்டுல குதிச்சா அறுந்துடும். சக்கரத்துல சுத்திக்கும், இல்லேன்னா இவ காலைப் பதம் பாத்துடும்."

"படிச்ச திமிரு."

"ஆமா சார். எங்க பரம்பரைக்கே முதல் திமிரு."

அக்கா காலால் என் தோளை இடித்தாள். "வாயை மூடுடி. என் பொழப்புல மண்ணைப் போடாத."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்காகப் பேசுகிறேனோ அவளே! எழுந்து நின்றேன்.

"சார், நீங்க ஏறி, அதோ பாதையில இருக்குற அந்த மேட்டைத் தாண்டிட்டு வாங்க. அப்புறம் நான் வாயே திறக்கல."

அவர் வண்டியைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். "எனக்கு இடுப்பு சரியில்ல" என்றார்.

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். பின்வண்டியில் அப்பாவைக் கட்டிக்கொண்டு ஒரு சிறுமி. அவள் கால் சிவப்பு கார்டை உரசிக்கொண்டு ஆடியது.

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"எல்லாரும் இறங்குங்க. செயினைச் சரி பண்ணிட்டுத்தான் கிளம்புவோம்."

"இங்க முதலாளி யாரு?" என்றார் பளபளா.

"நீங்கதான் சார். முன்வண்டி நான்தானே? நான் கிளம்பினாத்தானே மத்தவங்க வருவாங்க?"

"இனி நீ முன்வண்டி இல்ல."

அக்காவின் முகம் ஒரு நொடி செத்துப்போனது. "சரி சார். அப்ப இப்ப யாரு ஓட்டப்போறா? நீங்களா?"

அவர் விடுவிடுவென்று அலுவலக அறைக்குள் போனார். கண்ணாடி வழியே தெரிந்தது, யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். வேறு ஆளைத்தான் கூப்பிடுகிறார். முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருவராக இறங்கினார்கள். "இன்னும் எவ்ளோ நேரம்?" என்று ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். அவரை அறையலாம் போலிருந்தது எனக்கு.

"மரம் மாதிரி நிக்காதடி" என்றாள் அக்கா. "ஸ்பேனரை எடு. எவ்ளோ தொய்வு வேணும்?"

"ரெண்டு விரல்."

"எனக்கு வேலை போச்சுன்னா உன்னை வீட்ல வச்சு உரிக்கிறேன் பாரு."

"உரி. இப்ப ஆடாம உக்காரு."

பின் அச்சு நட்டில் ஸ்பேனரை மாட்டினேன். பளபளா முறுக்கிய முறுக்கு, நகரவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி மிதித்தேன். கிரீச்சென்று நட்டு இளகியது.