ஓரத்து நத்தைகள்

கடற்பாறை மேல் சதுரக் கம்பிச் சட்டத்தை வைத்து, அதற்குள் இருக்கும் நத்தை, சிப்பி, கல்லோடு கல்லாக ஒட்டி வளரும் கொட்டலசு எல்லாவற்றையும் எண்ணுவது அவள் உத்தியோகம். ஆய்வு நிலையத்தில் சேர்ந்த நாள் முதல் அதே பாறைதான். முதல் பதினான்கு வருஷம் அவளோடு மாறி மாறி எண்ணியவள் அவளுடைய நாத்தனார். பிறகு நாத்தனார் குடும்பத்தோடு வெளியூர் போய்த் தையல் கடை வைத்துவிட்டாள்.

இப்போது பல கரைகளில் உள்ள நிலையங்கள் ஒன்று சேர்ந்து, எல்லோரும் ஒரே முறையில் எண்ணிக் கணக்கைப் பொதுவில் வைப்பதென்று முடிவாகியிருந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அந்த முறையில் ஒரு விதி: சட்டத்தின் கம்பி மேல் பட்டுக்கொண்டிருப்பவற்றில் இடப்பக்கமும் மேல்பக்கமும் உள்ளவை மட்டும் சேர்த்தி, மற்ற இரண்டு பக்கத்தையும் விட்டுவிட வேண்டும். இவர்களோ அந்தப் பதினான்கு வருஷமும் நான்கு பக்கத்தையும் சேர்த்து எண்ணியிருந்தார்கள். அது நாத்தனார் பிடித்த பிடிவாதம். "வாசல்ல கால் வெச்சவங்கள வெளிய தள்ளுற மாதிரி இருக்கு அண்ணி" என்று, எண்ண ஆரம்பித்த முதல் நாளே சொல்லிவிட்டாள். அவள் போன பிறகுதான் எண்ணுவது இரண்டு பக்கமாக மாறியது.

பொதுக் கணக்குக்குப் பொறுப்பானவர் தொலைபேசியில் பொறுமையாகவே பேசினார். "எண்ணின ரெண்டு பேரும் பழைய பழக்கப்படியே தனித்தனியா ஒரு தடவை எண்ணிக் காட்டுங்க மேடம். ரெண்டும் ஒத்துப்போனா, கூடுதலா வந்ததைத் திருத்திச் சேர்த்துக்கலாம். போகலைன்னா அந்த வருஷங்களை விட்டுடுறதைத் தவிர வேற வழியில்ல."

அவளுக்குத் தூக்கம் போனது. பாறை கறுத்துத் தெரிய, சிப்பிகள் அடை அடையாக அப்பிக் கிடந்த காலம் அது. அதை விட்டுவிட்டால், இன்று இருக்கிற வழுக்கைப் பாறைதான் என்றைக்கும் இருந்தது என்று ஆகிவிடும்.

நாத்தனார் கைப்பையும் மூக்குக் கண்ணாடியுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.

"என்ன அண்ணி, தலையெல்லாம் கொட்டலசு பிடிச்ச மாதிரி வெளுத்துப்போச்சு!"

"உன் வாய்க்கு மட்டும் வயசே ஆகல."

"வாய் நல்லா இருந்தாத்தானே தையல் கடைல கூலி வாங்க முடியும்? அண்ணன் எப்படி இருக்கார்?"

"நீ வர்றேன்னதும் காலைலயே வெளிய கிளம்பிட்டார்."

மறுநாள் காலை நீர் வற்றியதும் பொறுப்பாளரோடு பாறைக்குப் போனார்கள். நாத்தனார் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து பாறையைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"எங்க அண்ணி போச்சு எல்லாம்?"

"அதை நாலு பேருக்குச் சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

ஒருத்தி எண்ணும்போது மற்றவள் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். எண்ணிக்கையைப் பொறுப்பாளர் காதில் மட்டும் சொல்ல வேண்டும். சட்டத்தை இடம் மாற்றி மாற்றி வைத்தார்கள். போகப் போக அவர் முகம் சுருங்கியது.

"ஒத்துப்போகலையே மேடம். இவங்க சொல்றது எல்லா இடத்துலயும் குறைச்சலா இருக்கு."

இத்தனை வருஷம் ஊசிக்கண்ணையே பார்த்துப் பார்த்து இவள் கண் பழுதாகிவிட்டதா? திரும்பிப் பார்த்தால், நாத்தனார் பரிசு வாங்கப்போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"குறையாம இருக்குமா? நான் எண்ணினது புது முறைலயாச்சே! நீங்க அனுப்பின விதியையெல்லாம் பஸ்லயே மனப்பாடம் பண்ணிட்டேன். அண்ணி மானத்தைக் காப்பாத்த வேணாமா?"

"அடிப்பாவி! பழைய மாதிரி எண்ணத்தானேடி வரச்சொன்னேன்!"

"பழைய மாதிரி செய்யத் தெரிஞ்ச ஆள் வேணும்னு உலகத்துல யாராவது கூப்பிடுவாங்களா? நீங்க ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டீங்கன்னு நினைச்சேன்."

பொறுப்பாளர் சிரித்துவிட்டார். "அதுவும் நல்லதுக்குத்தான். புது முறைக் கணக்கும் கையில இருந்தா எவ்வளவு திருத்தணும்னு தெரிஞ்சுடும். இப்போ பழைய மாதிரி எண்ணுங்க. சீக்கிரம், தண்ணி ஏறுது."

அண்ணி மறுபடியும் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மனப்பாடம் செய்த விதி பழைய கையைக் குழப்பாமல் இருக்க வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது. பின்னால் மெல்ல ஒரு முனகல் கேட்டது. பாட்டுமில்லை, பேச்சுமில்லை; நாத்தனார் எண்ணும்போது தன்னை மறந்து எழுப்புகிற சத்தம். நடுவே நாக்கை ஒரு தட்டு. கம்பி மேல் ஏதாவது தென்பட்டால் அப்படித்தான் தட்டுவாள். அண்ணி இதைச் சுத்தமாக மறந்தே போயிருந்தாள். உப்புக்காற்றில் கன்னம் எரிய, ஒரே குடைக்குள் இரண்டு பேரும் உட்கார்ந்து பிளாஸ்க் டீயைப் பங்கு போட்டுக் குடித்த காலைகளெல்லாம் அந்தத் தட்டோடு திரும்பி வந்தன. இன்னொரு தட்டு. இன்னொன்று. நான்கு பக்கமும்.

பொறுப்பாளர் இரண்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றிரண்டு முன்னே பின்னே, அவ்வளவுதான்.

"சேர்த்துக்கலாம் மேடம். நாலு பக்கமும் எண்ணினதுன்னு கீழ ஒரு குறிப்பு போட்டுத் திருத்திடுறேன்."

"குறிப்பைக் கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க சார்" என்றாள் நாத்தனார்.

அண்ணி சட்டத்தைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. நாத்தனார் முன்னால் நடந்தாள். மொட்டைப் பாறைதான், நேராகவே போகலாம். ஆனால் அவள் கால் இடது பக்கம் ஒதுங்கி, ஒரு எட்டு தாண்டி, வலது பக்கம் திரும்பி, நுனிக்கால் ஊன்றித்தான் போனது. ஒரு காலத்தில் சிப்பிகள் அடைந்து கிடந்த இடங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டு போகிறாள் என்பது அவளுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அண்ணி அந்த அடிகளிலேயே தன் அடியையும் வைத்துப் பின்னால் போனாள்.