கோள்சொல்லி

வாயாடிக்கு ஆறு வயது. தடித்த பேனா போலிருந்த அந்தக் கருவி அவளுக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. அறுவை மருத்துவர் அதைக் கட்டிலுக்கே கொண்டுவந்து காட்டினார். ஊசியில் ஏற்றிய கதிரியக்க மருந்து வயிற்றுக்குள் கட்டியைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும், நாளைக்கு இது பக்கத்தில் போனால் கீச்சிடும் என்றார்.

"அப்ப இது கோள்சொல்லி. எங்க வகுப்புலயும் ஒருத்தி இருக்கா. அவகூட நான் பேசறதில்ல."

மருத்துவருக்குச் சிரிப்பு வந்தது, அம்மாவுக்கு வரவில்லை. வேறோர் ஆஸ்பத்திரியில் வெட்டியெடுத்து, எல்லாம் போயிற்று என்று சொல்லி அனுப்பிய பிறகு மறுபடி முளைத்த கட்டி அது. அம்மா வாசல்வரை அவர் பின்னாலேயே வந்து, இந்தத் தடவை ஒரு பொட்டுகூட விட்டுவிடாதீர்கள் என்றாள்.

"பாக்கறேன்மா," என்றார் மருத்துவர். தட்டிக்கழிக்கிறவர்கள் சொல்லும் சொல். வேறு என்ன சொல்ல? சொன்னதற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் வயிற்றைத் திறந்தால், பழைய தழும்பில் எல்லாமே ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. எது கட்டி, எது சதை என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. கருவி கீச்சிட்ட இடத்தில் வெட்டினார்; கட்டி வந்தது. பிறகு காலியான குழியில் கருவியை ஓட்டினால், அது இன்னும் அலறியது. மருத்துவர் குழியை விரலால் தடவிப் பார்த்தார்; எதுவும் தட்டுப்படவில்லை.

உதவி மருத்துவர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். எடுத்த கட்டி, தட்டோடு குழந்தையின் தொடைப்பக்கமே இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். தட்டு மூலைக்குப் போனதும் சத்தம் அடங்கியது. நர்ஸ் தையலுக்கு நூலை நீட்டினார். மருத்துவரின் இடுப்பு விண்விண்ணென்று வலித்தது.

ஆனாலும் இன்னொரு முறை கருவியைச் சாய்த்தார். இடது சிறுநீரகத்தருகே, விக்கல் போல ஒரு சின்னக் கீச்சு. மருந்து சிறுநீரில்தானே வெளியேறும், சிறுநீரகம் கீச்சிடத்தான் செய்யும் என்றார் உதவி மருத்துவர். நியாயம்தான். நம்பிவிட்டால் வேலை முடிந்தது.

வலது சிறுநீரகத்தில் வைத்துப் பார்த்தார். கருவி வாயைத் திறக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே வேலைதானே, ஒன்று மட்டும் ஏன் கத்த வேண்டும்? நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இடது சிறுநீரகத்தை மெல்லப் புரட்டினார். பின்னால், ரத்தக்குழாயோடு ஒட்டிக்கொண்டு, மிளகளவில் ஒன்று ஒளிந்திருந்தது. அதையும் பிரித்தெடுத்தார். அதன்பின் வயிற்றுக்குள் எங்கே வைத்தாலும் கருவி கீச்சிடவில்லை.

மயக்கம் தெளிந்த வாயாடி மருத்துவரிடம் கேட்ட முதல் கேள்வி, கோள்சொல்லி என்ன சொன்னது என்பதுதான்.

"ரெண்டு பேரைக் காட்டிக்குடுத்துச்சு. ஒருத்தன் ஒளிஞ்சிட்டிருந்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் கப்சிப்."

வாயாடி கண்ணை மூடியபடியே யோசித்தாள். வகுப்பில் இருப்பவளோடு இனிமேல் பேசலாம் என்று முடிவு செய்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

அம்மா கட்டில் கம்பியை விடாமல் பிடித்திருந்தாள். மருத்துவரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அழுகை முந்திக்கொண்டது. அழுது முடித்துவிட்டுத்தான் சொன்னாள்.

"பாக்கறேன்னு சொன்னீங்க. நிஜமாவே பாத்திருக்கீங்க, டாக்டர்."